பத்து நிமிஷக் குளிர்

சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. பிடிக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று ஏசி மெக்கானிக் சென்னியப்பன் நினைத்தார். பேட்டரி செத்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் மக்கர் பண்ணியிருக்கலாம், முப்பது வருஷம் தாண்டின வண்டிக்கு நோவுக்கா பஞ்சம்? நாலு நாள் இங்கேயே கிடக்கட்டுங்க மேடம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஆளில்லாத நேரம் பார்த்துப் பானட்டைத் தூக்கி, செய்ய வேண்டியதைச் செய்து சத்தமில்லாமல் மூடியிருக்கலாம். ஆனால் இந்த மகராசி, ரெண்டே கதவும் தரையோடு ஒட்டின உடம்புமாக ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த இந்தச் சிவப்பு ரேஸ் வண்டி, இன்றைக்கென்று பார்த்து முதல் திருப்பிலேயே எழுந்து உறுமுகிறது. “ஏசியப் போடுங்க” என்றார் சுலோச்சனா மேடம், ஜன்னல் பக்கம் குனிந்து. கணபதி ஏரியாவில் பம்புக்கு வார்ப்படம் ஊற்றுகிற ஃபவுண்டரியின் முதலாளியம்மா. அறுபது வயசிலும் இந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு அவிநாசி ரோட்டில் பறக்கிறவர். சென்னியப்பன் ஏசியைப் போட்டார். காற்று வந்தது. மேடம் கையோடு கொண்டுவந்திருந்த குச்சித் தெர்மாமீட்டரைக் காற்று வருகிற ஓட்டையில் செருகினார். முப்பத்துநாலு என்று காட்டியது. “பத்து நிமிசம் ஜில்லுனுதான் வருமுங்க. அதுக்கப்பறந்தான் வேலையக் காட்டும். நீங்களே பாருங்க.” சென்னியப்பன் “பாக்கலாமுங்க” என்றார். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? பத்து நிமிஷம் என்று மேடம் நேற்று போனில் சொன்னபோதே இவருக்குப் பிடிபட்டுவிட்டது. பத்து நிமிஷம் கழித்து என்ன ஆகும், எதனால் ஆகும், எந்த இடத்தில் ஆகும், எல்லாம் அவருக்குத் தெரியும். இந்தக் கோயமுத்தூரிலேயே அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டே தெரியாதவன் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அதுவும் இந்தத் தாழ்ந்த சீட்டில், குழிக்குள் இறக்கிவிட்ட மாதிரி. “தண்டபாணியையும் வரச் சொல்லியிருக்கேன்” என்றார் மேடம். “நீங்க புது கம்ப்ரசர் போட்டும் இப்படின்னா, அந்த ஆளு உள்ள வேற என்னமோ கெடுத்து வெச்சிருக்கான். உங்க முன்னாடியே கேட்டுப்புடலாம்.”

கேட்டுப்புடலாம். தெர்மாமீட்டர் இருபத்தாறுக்கு இறங்கியிருந்தது. தண்டபாணி வேறு யாருமில்லை, சென்னியப்பன் சம்சாரம் சாந்தாமணியின் கூடப்பிறந்த தம்பி. ஒன்பது வருஷம் இதே ஷெட்டில் இவரோடு வேலை பார்த்தவன். நாற்பது வயசில் தனியாகப் போய்ச் சிங்காநல்லூரில் கடை போட்டான், அவன் பாட்டுக்கு நன்றாகத்தான் இருந்தான், மேடத்தின் ஃபவுண்டரி வண்டிகள் ஏழையும் அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான், போன மாசம் வரைக்கும். போன மாசம் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை, சென்னியப்பன் வாயைத் திறந்தார், அவ்வளவுதான். ‘எண்ணெய் இல்லாம ஓட்டிக் கொன்னுட்டானுங்க.’ இதுதான் அவர் சொன்னது. எண்ணிப் பார்த்தால் நாலே வார்த்தை. குளிக்கும்போது இந்த நாலு வார்த்தை வருகிறது, சாப்பிடும்போது வருகிறது, நேற்று சாமி கும்பிடக் கண்ணை மூடினால் விபூதித் தட்டுக்கு முன்னால் அதுவே வந்து நிற்கிறது. கொன்னுட்டானுங்க. கம்ப்ரசரைத்தான் சொன்னார், ஆனால் சொன்ன தோரணையில் கேட்டுக்கொண்டிருந்த நாலு பேரும் ஏதோ நிஜமாகவே ஓர் உயிர் போன மாதிரி ‘அடடா’ என்றார்கள். அந்த ‘அடடா’ அப்போது காதுக்கு இனிப்பாக இருந்தது. அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும், இனிப்பாகத்தான் இருந்தது. நம்மிடம் இருந்து போனவன் நம்மைவிடப் பெரியவன் ஆகிவிட்டானா என்று உள்ளே ஒரு புழு எத்தனை நாளாக நெளிந்துகொண்டிருந்ததோ, அதற்கு அன்றைக்குத் தீனி போட்டார். தூ.

“பத்தொம்பதுக்கு வந்துருச்சு” என்றார் மேடம். “ஆமாங்க” என்று சொல்லிவிட்டுக் காற்றுக்கு நேராகக் கையை நீட்டினார் சென்னியப்பன். பழக்கம். இந்தக் கைதான் அவருடைய சொத்து, அவருடைய போர்டு, அவருடைய விளம்பரம். சுவரில் கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜ் ரெண்டு தொங்குகிறது, தொட்டு அஞ்சு வருஷம் ஆகிறது. பானட்டைத் தூக்குவார், ரெண்டு குழாயையும் ரெண்டு கையால் பிடிப்பார், ஒன்று ஜில்லென்றிருக்க வேண்டும், இன்னொன்று சுட வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்ணுவார், ‘கேஸ் கால்வாசி கம்மி’ என்பார். கால்வாசிதான் கம்மியாக இருக்கும். திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனிக்காரர்கள் தேடி வருவார்கள், அண்ணன் கைய வெச்சாப் போதுமுங்க என்பார்கள். கேஜை வைத்துப் பார்க்கிறவர்களை அவர் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது. அந்தக் கைக்கு என்ன ஆனது என்பது யாருக்கும் தெரியாது. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சர்க்கரை வந்து எட்டு வருஷம். முதலில் கால். ஒருநாள் கடைவீதியில் செருப்பு கழன்று கால் மைல் பின்னால் கிடக்க, இவர் வெறுங்காலோடு நடந்திருக்கிறார், வெயிலில் பொசுங்கின ரோட்டில், தெரியவே இல்லை. அப்புறம் விரல் நுனி மரத்தது, எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, பிறகு அந்த எறும்பும் போய்விட்டது. சட்டைப் பொத்தான் பிடிபடவில்லை. டாக்டர் ஓர் ஊசியால் குத்திக் குத்தி ‘தெரியுதா, தெரியுதா’ என்று கேட்டார். இவர் கட்டைவிரலுக்குக்கூட ‘தெரியுதுங்க’ என்று பொய் சொன்னார், பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி. டாக்டரிடம் யாராவது பொய் சொல்வார்களா? சொல்வார்கள். கையை வைத்துப் பிழைக்கிறவன் சொல்வான். இப்போது இந்தக் காற்று ஜில்லென்றிருக்கிறதா? முன்கையில் முடி சிலிர்க்கிறது, ஆமாம், குளிர்தான். விரலுக்கு ஒன்றும் இல்லை. விரல் இருக்கிற இடத்தில் ஒரு கையுறை இருக்கிறது, அவ்வளவுதான்.

பதிமூன்று. பன்னிரண்டு. அன்றைக்கும் இப்படித்தான் ஒரு காலை, பங்குனிக் கடைசி, வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, மேடம் வண்டியை ஓட்டிக்கொண்டே வந்து நிறுத்தினார், எஞ்சின் நன்றாகக் காய்ந்திருந்தது. குளிரே பத்தலீங்க, தண்டபாணி கேஸ் போட்டுக் குடுத்தான், அப்படியும் பத்தலை என்றார். சொல்லும்போதே இன்னொன்றும் சொன்னார். ‘தை மாசம் ஊட்டிக்குப் போனப்ப ஹீட்டர் போட்டேன், அதுக்கப்பறந்தான் இப்படி இருக்குதோ என்னவோ.’ ஹீட்டர்! கோயமுத்தூரில் எவன் ஹீட்டர் போடுகிறான்? முப்பது வருஷத் தொழிலில் ஹீட்டர் என்கிற வார்த்தையை அவர் பத்துத் தடவை கேட்டிருந்தால் அதிகம். ‘அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க மேடம்’ என்று சிரித்தார். சிரித்தாரே, அதை நினைத்தால்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. சம்பந்தம் அதில்தான் இருந்தது. எஞ்சினில் காய்கிற தண்ணீர் ஒரு குழாய் வழியாக டேஷ்போர்டுக்குள் போய்த் திரும்பும், குளிர் தேசத்துக்காரன் கதகதப்புக்கு வைத்த ஏற்பாடு. வழியில் ஒரு வால்வு. ஊட்டியில் திறந்த வால்வு இறங்கி வந்த பிறகு மூடவில்லை, இழுக்கிற கேபிள் கொக்கியிலிருந்து கழன்று போயிருந்தது, அவ்வளவே விஷயம். வண்டி கிளம்பின புதிதில் தண்ணீர் காயாமல் இருக்கும், ஏசி ஜில்லென்று வரும். பத்து நிமிஷத்தில் தண்ணீர் கொதித்ததும் பனிக்கட்டிப் பெட்டிக்குள் அடுப்பைப் பற்றவைத்த கதைதான். ஒரு கை அந்தக் குழாயைத் தொட்டிருந்தால் போதும், மூடியிருக்க வேண்டிய குழாய் ஏன் இப்படிச் சுடுகிறது என்று கேட்டிருக்கும். தொட்டாரே! தொட்டார், பிடித்தார், ஏசிக் குழாயைத் தேடிப் போன கை வழியில் அந்த இரும்புக் குழாயையும் பிடித்துக்கொண்டு நின்றது, கண்ணை மூடிப் பத்து எண்ணினார். ஒரு கையில் கொதி, ஒரு கையில் குளிர், ரெண்டும் அவருக்கு ஒன்றுதான். ஏசிக் குழாயின் மேல் முத்து முத்தாக வேர்த்திருந்ததைக் கண் பார்த்தது. கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது, உள்ளே குளிர் ஓடுகிறது என்று கண் சொன்னது. கண்ணை யார் கேட்டார்கள்? குளிர் இல்லை என்றது கை. கை சொன்னால் சரி. ‘கம்ப்ரசர் போச்சுங்க மேடம்’ என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘கேஸ் போட்டவன் எண்ணெய் போடலை. எண்ணெய் இல்லாம ஓட்டிக் கொன்னுட்டானுங்க.’ சுற்றி நின்ற நாலு பேர், அடடா.

அதுவரைக்கும் நடந்தது தப்பு. தப்பு யாருக்கும் வரும், தண்டபாணிக்கே வந்தது, அவனும்தான் வால்வைப் பார்க்காமல் கேஸைப் போட்டான். அதற்கு அப்புறம் நடந்ததற்கு என்ன பேர்? மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். தட்டில் கையை வைத்தார். சாந்தாமணி குழம்பு ஊற்றவந்தவள் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி “என்னங்க கையில?” என்றாள். மூன்று விரலிலும் உள்பக்கம் கொப்புளம், ஒன்று உடைந்து சோற்றில் நீர் வடிந்திருந்தது. “வெல்டிங் பொறி” என்றார். வெல்டிங் மெஷின் ரிப்பேராகி ஆறு மாசம் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு ஸ்பூனை எடுத்துவந்து தட்டோரம் வைத்தாள். அந்த ஸ்பூனைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் உறைத்தது. காலையிலிருந்து தொட்டது ஒரு வண்டி. அந்த வண்டியில் சுடக் கூடாத குழாய் எது, சுட்ட குழாய் எது. ஹீட்டர். ஊட்டி. அந்த நிமிஷம் எழுந்து மேடத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால்? மேடம், தப்பாச் சொல்லிப்புட்டனுங்க. அஞ்சாறு வார்த்தைதான், வாய் வலிக்காது. ஆனால் கேட்பார்களே, எப்படித் தப்பாச் சொன்னீங்க, உங்க கை தப்புச் சொல்லாதே? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் எல்லாம் செய்தார். சாயங்காலம் ஷெட்டில் ஆள் போன பிறகு வால்வை இடுக்கியால் மூடி, ஒரு மெல்லிய கம்பியைச் சுற்றி முறுக்கி வைத்தார். முறுக்கு இறுகியதா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை, இறுகியிருக்கும் என்று வைத்துக்கொண்டார், அதுதான் இப்போது நெகிழ்ந்து வால்வு திறந்திருக்கிறது. மறுநாள் புதுக் கம்ப்ரசரை மாட்டினார், சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. நல்ல கம்ப்ரசரைக் கழற்றி மூலையில் போட்டார். வண்டி ஜில்லென்று போனது. மேடம் அன்றைக்கே ஃபவுண்டரி வண்டிகள் ஏழையும் தண்டபாணியிடமிருந்து எடுத்துவிட்டார். எடுத்துவிட்டேன் என்று போனில் சந்தோஷமாக வேறு சொன்னார், இவர் “உங்க இஷ்டமுங்க” என்றார். உங்க இஷ்டம்! எவ்வளவு மரியாதையான மனுஷன் பாருங்கள்.

ஏழு டிகிரி. அதற்கு மேல் இறங்கவில்லை. அங்கேயே நின்றது, பிறகு எட்டு ஆனது. “பாத்தீங்களா, ஏறுது” என்றார் மேடம். எஞ்சின் சூடு காட்டுகிற முள் நடுவுக்கு வந்திருந்தது. ரெண்டும் சேர்ந்து ஏறுவதை மேடம் கவனித்துவிடுவாரோ என்று இவர் ஸ்டியரிங்கின் மேல் கையைப் போட்டு முள்ளை மறைத்தார். மறைத்த பிறகு, ஐம்பத்தொரு வயசில் இதுவா பண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது, ஆனாலும் கையை எடுக்கவில்லை. பதினொன்று. தண்டபாணி போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். அக்கா கையால் ஒரு காப்பி குடித்தான், மச்சான் நல்லா இருக்கீங்களா என்றான், ஏழு வண்டி கைவிட்டுப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். கடைப் பையனை லீவில் அனுப்பியிருப்பதாகச் சொன்னான், வேலை இல்லாமல் நிறுத்தியதைத்தான் அப்படிச் சொன்னான். சாந்தாமணி வாசல் வரைக்கும் கூடப் போய் ரொம்ப நேரம் அவனோடு என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாளோ. பதினைந்து. இப்போது அவன் வருவான். மேடம் கேட்பார். அவன் இல்லீங்க மேடம், நான் எண்ணெய் போட்டனுங்க என்பான். மேடம் நம்ப மாட்டார். மேடம் திரும்பி நம் முகத்தைப் பார்ப்பார். நாம் என்ன பண்ணுவோம்? தலையை ஆட்டுவோமா? ஆட்டினாலும் ஆட்டுவோம், இந்தத் தலையை நம்ப முடியாது. பக்கத்தில் பைக் வந்து நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே “வணக்கமுங்க மேடம். வாங்க மச்சான்” என்றான் தண்டபாணி, ஏதோ இவர்தான் அவன் கடைக்கு வந்திருக்கிற மாதிரி.

“பதினெட்டு” என்றார் மேடம், தெர்மாமீட்டரை உருவி அவன் முகத்துக்கு நேரே காட்டி. “என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?” தண்டபாணி “பானட்டத் தொறங்க மச்சான்” என்றான். திறக்காமல் இருக்க வழி இல்லை. சென்னியப்பன் அந்தக் குழி சீட்டிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து முன்னால் வந்தார். ரெண்டு பேரும் எஞ்சின் மேல் குனிந்தார்கள், பழைய நாளில் குனிந்த மாதிரியே, தோள் இடித்துக்கொண்டு. தண்டபாணி ஏசிக் குழாயைத் தொட்டான், வேர்வையைத் துடைத்துப் பார்த்தான். “நல்ல கூலிங்” என்று முணுமுணுத்தான். கை நகர்ந்தது. டேஷ்போர்டுப் பக்கம் போகிற அந்த இரும்புக் குழாயில் விரல் பட்டதும் “ஸ்ஸ்” என்று உதறினான். உதறின விரலை வாயில் வைத்துக்கொண்டு சென்னியப்பனைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது, ரெண்டு நொடிதான் இருக்கும். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வாசல் வரைக்கும் போய் அக்கா என்ன பேசினாள் என்பது அப்போது இவருக்குப் புரிந்தது. சொல்லியிருக்கிறாள். பொத்தான், ஸ்பூன், செருப்பு, எல்லாம் சொல்லியிருக்கிறாள். அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே காப்பி குடித்திருக்கிறான், மச்சான் நல்லா இருக்கீங்களா என்று கேட்டிருக்கிறான். சென்னியப்பனுக்கு அங்கேயே அந்த எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது. தண்டபாணி நிமிர்ந்தான். “என் தப்புதானுங்க மேடம்” என்றான். “ஹீட்டர் கேபிள் கழண்டிருக்குது. நான் கேஸ் போடறப்ப என் கை பட்டுக் கழண்டிருக்கோணும். சுடுதண்ணி உள்ள போயி ஏசியக் கெடுக்குது. மச்சான் மேல ஒண்ணுமில்லீங்க. அவரு கம்ப்ரசர் மட்டுந்தான் பாத்தாரு.”

மேடம் பிடித்துக்கொண்டார். பொறுப்பு வேண்டாமா, வயசான வண்டின்னா இளப்பமா, ரெண்டு தடவை என்னை அலையவிட்டீங்க, இனி நம்ம ஃபவுண்டரிப் பக்கம் வராதீங்க என்று அடுக்கிக்கொண்டே போனார். தண்டபாணி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான், ஆமாங்க, ஆமாங்க என்று. சென்னியப்பனும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் அந்தத் திட்டு மழை இரைச்சலாக மட்டும் விழுந்தது, நடுநடுவே ஒரு வெட்கங்கெட்ட நிம்மதி, அப்பாடா, முடிந்தது, நாம் வாயே திறக்க வேண்டியதில்லை, அவனாகவே ஏற்றுக்கொண்டான், சொந்தக்காரன் சொந்தக்காரன்தான். நிம்மதி வந்த சூட்டோடு அதைப் பார்த்து ஓர் அருவருப்பும் வந்தது, எதையோ பிடித்துக்கொண்டு நின்றார். “அய்யோ, கைய எடுங்க!” என்று மேடம் கத்தினார். என்ன, யாரை என்று இவர் சுற்றிப் பார்த்தார். தண்டபாணி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான். அந்த இரும்புக் குழாயைத்தான் பிடித்திருக்கிறார். உள்ளங்கை சிவந்து வெள்ளை பூத்துக்கொண்டிருந்தது. வார்ப்படம் ஊற்றுகிற இடத்தில் நாற்பது வருஷம் புழங்கினவர் மேடம், சூட்டுக்காயம் என்றால் என்னவென்று தெரிந்தவர். அந்தக் கையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். “இது சுடலீங்களா உங்களுக்கு?” தண்டபாணி முந்திக்கொண்டான். “அது பழகின கைங்க மேடம். மச்சானுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க.”

பழகின கை. நல்ல பதில். மேடம் நம்பிவிடுவார். நாளைக்கு ஊரில் ஒரு கதையாகவே உலவும், கொதிக்கிற குழாயை வெறுங்கையால் பிடித்தாரப்பா என்று. “இல்லீங்க” என்றார் சென்னியப்பன். தன் குரல்தானா என்று இருந்தது. “எனக்குச் சூடு தெரியாதுங்க. குளிரும் தெரியாது. வெரலு செத்து ரெண்டு வருசம் ஆச்சுங்க. அன்னிக்கும் இதே கொழாயப் புடிச்சுட்டுத்தான் நின்னேன். கம்ப்ரசர் நல்லாத்தான் இருந்துச்சு. தண்டபாணி எண்ணெயெல்லாம் சரியாப் போட்டிருந்தான். அவன் மேல ஒரு குத்தமும் இல்லீங்க.” மேடம் தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சென்னியப்பனுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை, மூக்கு மட்டும் ஒழுகியது. தண்டபாணி இன்னும் அவர் மணிக்கட்டை விடவில்லை. விரலுக்குத்தான் உணர்வில்லை, மணிக்கட்டுக்கு இருக்கிறது, அவன் பிடியின் வெதுவெதுப்பு நன்றாகவே தெரிந்தது. “விடுங்க மச்சான்” என்றான் தண்டபாணி, சின்னக் குரலில், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “இதுக்குப் போயி. தெரியாமச் சொன்னதுதானுங்களே.”

ஆமா மாப்ள என்றால் முடிந்துவிடும். வாய்வரைக்கும் அந்த ஆமா வந்துவிட்டது. “தெரியாமச் சொன்னது அன்னிக்குக் காலைல” என்றார் சென்னியப்பன். “மத்தியானமே தெரிஞ்சு போச்சு மாப்ள. கம்ப்ரசர மாத்துனது மறுநாளு.”

தண்டபாணி அவர் கையை விட்டான்.